கத்தி இல்லை என்றால் மயக்க மருந்தும் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டவருக்கும், குழாய் வீங்கி வெடித்தவருக்கும் தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்திக் காப்பாற்றிய செய்திகள் மதுரைப் பதிப்புகளில் இப்போது அடிக்கடி வருகின்றன. நல்ல செய்திகள்தான். ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "கத்தியின்றி, தையலின்றி, சிறு துளை மூலம்." இதைப் படித்துவிட்டு வருகிற குடும்பத்தார், மயக்கவியல் மருத்துவர் கையெழுத்து வாங்க வந்து நிற்கும்போது, "ஊசி போடுற மாதிரிதான்னு சொன்னாங்களே, மயக்க மருந்து எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேப் வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

துளை சிறியதுதான். தொடை இடுக்கில், சில சமயம் மணிக்கட்டில், செருகும் ஷீத் என்ற உறைக்குழாயின் உள்விட்டம் 2 முதல் 2.7 மில்லிமீட்டர். அதற்குள் ஒரு குழாய் கழுத்துவரை போகும். அதற்குள், அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமனில் மைக்ரோ கதீட்டர் மூளைக்குள் நுழையும். அதற்கும் உள்ளே முன்னால் ஓடுவது 0.36 மில்லிமீட்டர் கம்பி. இவ்வளவும் போய்ச் சேரும் தமனியின் அகலமே சுமார் 3 மில்லிமீட்டர். சிகிச்சை செய்பவர் அந்தத் தமனியை நேரில் பார்ப்பதில்லை. டை என்ற சாயமருந்தைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படத்தைத் திரையில் நிறுத்திவைத்து, அதன்மேல் கம்பியின் நிழல் நகர்வதைப் பார்த்து ஓட்டுகிறார். ரோடு மேப் என்று இதைச் சொல்வோம். நோயாளி இருமினாலோ தலையைத் திருப்பினாலோ ரத்தக்குழாய் இடம் மாறிவிடும். திரையில் இருக்கும் படம் பழைய இடத்திலேயே நிற்கும். அந்தப் பழைய படத்தை நம்பிப் போகிற கம்பி தமனியின் சுவரைக் குத்தும். மண்டையைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், கிளிப் போடலாம், பஞ்சு வைத்து அழுத்தலாம். இங்கே கசிவு மூடிய மண்டைக்குள். கத்தி இல்லாததால்தான் அசையாமல் இருப்பது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அசையாமல் வைப்பது பாதி வேலை. மீதிப் பாதி பிபி.

கண்மாய்ப் பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மடை தூர்ந்துபோனால் கடைமடை வயலுக்குச் சுற்றுவழியாகக் கசிந்து வரும் தண்ணீர்தான் கதி. கண்மாயில் மட்டம் உயர்ந்து நின்றால்தான் அதுவும் வரும். அதே கண்மாயில் கரை ஓரிடத்தில் இளகி ஊற்றெடுத்தால் மட்டத்தை உடனே இறக்கியாக வேண்டும். ரத்தக்கட்டி அடைத்த மூளை, அதாவது பக்கவாதம், முதல் வகை. பக்கத்துக் கிளைக்குழாய்கள் வழியே வருகிற கொஞ்ச ரத்தத்தில்தான் சாகாத பகுதி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டி வெளியே வரும்வரை மேல் அழுத்தம் 140-லிருந்து 180-க்குள் நிற்க வேண்டும். வீங்கி வெடித்த குழாய், அதாவது அனியூரிசம், இரண்டாவது வகை. காயில் என்ற மெல்லிய உலோகச் சுருளை உள்ளே வைத்து மூடும்வரை 160-ஐத் தாண்டவிடக் கூடாது. அதற்காக மூளைக்கு ரத்தம் குறையும் அளவுக்கு இறக்கவும் கூடாது.

எண்களை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். 160-க்கு 100 என்று வரும் பக்கவாத நோயாளியின் சராசரி அழுத்தம் 120 (இரண்டு எண்களின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்டுகிற கணக்கு இது). வழக்கமான ஆபரேஷனுக்குக் கொடுக்கிற அளவில் புரோபோபால் என்ற மயக்க மருந்தை ஒரே மூச்சில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் 90-க்கு 60 ஆகிவிடலாம். சராசரி 70. பித்தப்பை ஆபரேஷனில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிபியை ஏற்றும் மெபென்டெர்மின் ஒரு மில்லி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இங்கே பிபி விழுந்து கிடக்கும் சில நிமிடத்தில் பிழைத்திருக்க வேண்டிய மூளை போய்விடலாம். ஆகவே மருந்தைப் பாதியாகக் குறைத்து, மெதுவாக, கண் மானிட்டரில் இருக்க, பிபியைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் அல்லது பினைலெப்ரின் பம்ப் ஏற்கெனவே இணைத்திருக்கத் தொடங்க வேண்டும். பிபி இறங்கிய பிறகு ஆம்பூலைத் தேடுவது தாமதம்.

கட்டி வெளியே வந்த நொடியில் கணக்கு மாறுகிறது. இதுவரை ரத்தம் காணாமல் வாடிக் கிடந்த குழாய்களுக்குள் அதே அழுத்தம் பாய்ந்தால் கசியும். அதனால் 180-க்கு 105-ஐத் தாண்டவிடுவதில்லை. "திறந்தாச்சு, நன்றாக இறக்கிவிடுவோம்" என்பதும் தவறு: 2022-ல் வெளிவந்த சீன ஆய்வில், கட்டி நீங்கிய பின் 120-க்குக் கீழே இறக்கப்பட்டவர்கள் 140 முதல் 180-க்குள் வைக்கப்பட்டவர்களைவிட மோசமாகவே தேறினார்கள். சிகிச்சை செய்பவர் "திறந்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மயக்கவியல் மருத்துவர் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு பம்பைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு வார்த்தை சொல்லப்படாமல் போவதுதான் பல இடங்களில் நடக்கும் பிழை.

பக்கவாதத்துக்கு முழு மயக்கமா, லேசான தூக்கமா என்ற வாதம் வெகுகாலமாக ஓடியது. குழாய் வழியே கட்டியை எடுப்பது மருந்தை மட்டும் நம்புவதைவிட மேல் என்று 2015-ல் வரிசையாக வந்த ஐந்து ஆய்வுகள் நிலைநாட்டின. அந்தக் காலத்துப் பதிவுகளைப் புரட்டியவர்கள், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்கள் மோசமாக இருந்ததைக் கண்டு மயக்க மருந்தையே குற்றம் சொன்னார்கள். நினைவு தப்பி, வாந்தியெடுத்து, மூச்சுத் திணறி வந்தவர்களுக்குத்தானே முழு மயக்கம் கொடுத்திருப்பார்கள் என்பதைப் பலர் யோசிக்கவில்லை. ஹைடல்பர்க்கில் 150 பேர், கோத்தன்பர்க்கில் 90 பேர், டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 128 பேர் என்று 2016 முதல் 2018-க்குள் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த மூன்று ஆய்வுகளிலும் முழு மயக்கம் கெடுதல் செய்யவில்லை. மூன்றிலும் பிபிக்கு முன்பே கோடு கிழித்து, அதை விடாமல் பிடித்தார்கள் என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

எங்கள் கருத்து இது. பேசினால் புரிந்துகொண்டு, சொன்னபடி அசையாமல் கிடக்கிறவருக்குத் தொடையில் மரத்துப்போகும் ஊசியும் மிகக் குறைந்த தூக்கமும் போதும். பேச்சும் புரிதலும் போனவர், கட்டிலில் புரள்கிறவர், வாந்தி எடுப்பவர், பின்மூளைக் குழாய் அடைத்தவர் ஆகியோருக்கு ஆரம்பத்திலேயே மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைப்பதே பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவதுதான் ஆபத்து. கொஞ்சம் மிடாசோலம், கொஞ்சம் பென்டனில், போதவில்லை என்று கொஞ்சம் புரோபோபால் என்று ஏற்றிக்கொண்டே போனால் நோயாளி குறட்டை விடத் தொடங்குவார். நன்றாகத் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். உண்மையில் நாக்கு பின்னால் விழுந்து மூச்சு வழி பாதி அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு குறட்டைக்கும் தலை ஆடுகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. மூக்கில் ஆக்சிஜன் ஓடுவதால் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கம்பி மூளைக்குள் இருக்கும்போது, துணி போர்த்தி, தலைமேல் இரண்டு எக்ஸ்ரே கைகள் தொங்கும்போது, அவசரமாக டியூப் போடுகிற நிலை வரும். தூங்கவைத்தாலும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி மூக்கருகே இருந்தே ஆக வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

டியூப் போட்டவருக்கு வேகமாக மூச்சுக் கொடுப்பதும் தவறு. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கடைமடைக்குப் போகும் கொஞ்சத் தண்ணீரும் நிற்கும். அதை 35 முதல் 40-க்குள் வைக்கிறோம். ரத்தக் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தால் பெரிதாக்கிவிடும் என்பதால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைத் தவிர்க்கிறோம். சர்க்கரை 140-க்கும் 180-க்கும் நடுவில். மணிக்கட்டுத் தமனியில் ஊசி வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் பிபி பார்ப்பது நல்லதுதான். ஆனால் பக்கவாதத்தில் அது இரண்டு முயற்சியில் அமையாவிட்டால் விட்டுவிட்டு, கைப்பட்டையை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டுத் தொடங்கிவிட வேண்டும். பெருங்குழாய் அடைத்த மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006-ல் வெளிவந்த கணக்கு.

அறையின் அமைப்பே எங்களுக்கு எதிரி. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். இங்கே தலைமாடு எக்ஸ்ரே இயந்திரத்துக்குச் சொந்தம். எங்கள் இடம் இடுப்புப் பக்கம், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால். மூச்சுக்குழாயும் சலைன் குழாயும் இரண்டு மீட்டருக்கு மேல் நீள வேண்டும். இந்த நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. மருந்தை முனையில் ஏற்றிவிட்டு "போட்டாயிற்று" என்று நினைத்தால், சில மில்லி குழாய்க்குள்ளேயே நிற்கும்; பின்னாலேயே 10 மில்லி சலைன் தள்ளாவிட்டால் நோயாளியைப் போய்ச் சேராது. அசைகிறாரே என்று இன்னொரு டோஸ் போடுவார்கள், இரண்டும் சேர்ந்து உள்ளே போகும், பிபி விழும்.

மேஜை நகரும். ஏறும், இறங்கும், தலைப்பக்கமும் கால்பக்கமும் ஓடும். துணி போர்த்துமுன் மேஜையை இரு கோடிக்கும் ஒருமுறை ஓட்டி, எக்ஸ்ரே கைகளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். எந்தக் குழாய் இழுபடும், எது சிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாத அறையில்தான் பாதியில் வென்டிலேட்டர் கழன்றுகொள்ளும். பிபி அளக்கும் டிரான்ஸ்டியூசரை ஸ்டாண்டில் கட்டிவைத்துவிட்டு மேஜையை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், திரையில் பிபி உண்மையைவிட 7 அல்லது 8 அதிகமாகக் காட்டும். மேல்வரம்பும் கீழ்வரம்பும் குறித்துக்கொண்டு வேலை பார்க்கிற இடத்தில் இது சின்னப் பிழையில்லை. அதை மேஜையோடு சேர்த்தே கட்ட வேண்டும்.

எக்ஸ்ரே பாதையில் உலோகம் கூடாது. மூச்சு டியூபின் ஓரத்தில் தொங்கும் சின்னக் காற்றுப்பையின் வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. அதைக் கன்னத்தில் ஒட்டிவைத்தால் மூளைப் படத்தின் நடுவே கறுப்பாக நிற்கும். இசிஜி வயரைக் கழுத்தருகே விட்டாலும் அப்படியே. மூக்குத்தி, தோடு, கொண்டை ஊசி, பல் செட் எல்லாமே படத்தைக் கெடுக்கும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பாட்டிமார் காதில் தண்டட்டி இருந்தால் பக்கவாட்டுப் படத்தில் பின்மூளைப் பகுதியே மறைந்துபோகும்.

இனி அனியூரிசம். வெடித்த குழாய் மறுபடி வெடிக்கும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்தில் அதிகம். தொண்டைக்குள் டியூப் போடும் நொடியில் யாருக்கும் பிபி துள்ளும். அதுவே இரண்டாவது வெடிப்புக்குப் போதும். ஆழமான மயக்கம், தசையைத் தளர்த்தும் மருந்து முழுமையாக வேலைசெய்யும்வரை பொறுமை, பிபியின் துள்ளலை அடக்க லிக்னோகெயின் அல்லது எஸ்மோலால், பிறகே டியூப். மண்டைக்குள் ரத்தம் கசிந்த அதிர்ச்சியில் இதயமே தளர்ந்து, இசிஜி மாரடைப்புபோலக் காட்டுவதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து சிகிச்சையை நாட்கணக்கில் ஒத்திப்போடுவது பெரும்பாலும் தவறு. எக்கோ பார்த்துக்கொண்டு தொடரலாம்.

உள்ளே கம்பியும் காயிலும் இருக்கும்வரை அவற்றின்மேல் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் வேண்டும். எடைக்கு ஒரு கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட். ரத்தம் உறையும் நேரமான ஏசிடியை அளந்து 250 முதல் 300 நொடிக்குள் வைப்பது வழக்கம். இங்கே ஒரு பழைய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். நம் மருந்துக் கடைகளில் ஹெபாரின் 5 மில்லி வயலில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: மில்லிக்கு 1000 யூனிட், மில்லிக்கு 5000 யூனிட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 70 என்று 4200 யூனிட் கொடுக்க நினைத்து முதல் வயல் என்ற நம்பிக்கையில் 4.2 மில்லி எடுத்தால், கையில் இருந்தது இரண்டாவது வயலாக இருந்தால், போவது 21,000 யூனிட். கேத் லேபில் ஒரே வீரியத்தை மட்டும் வைத்திருப்பதே இதற்கு மருந்து. சத்தமாக "எத்தனை யூனிட், எத்தனை மில்லி" என்று இருவர் சொல்லிக்கொள்வது அடுத்தது.

காயில் வைக்கும்போதே வெடித்தால் என்ன ஆகும்? நாடி திடீரென்று இறங்கும், பிபி ஏறும். திரையில் டை குழாயைவிட்டு வெளியே புகைபோலப் பரவும். அறையில் யாரும் ஓடக் கூடாது. கம்பியையும் கதீட்டரையும் வெளியே இழுக்கக் கூடாது. ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். சிகிச்சை செய்பவர் அடுத்தடுத்துக் காயிலைத் திணித்து மூடுவார், அல்லது பலூனை ஊதி ரத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்துவார். அதே நேரம் மயக்கவியல் மருத்துவர் புரோட்டமின் கொடுத்து ஹெபாரினை முறிக்க வேண்டும்: உடம்பில் இருக்கும் 100 யூனிட்டுக்கு 1 மில்லிகிராம். 4000 யூனிட் இருந்தால் 40 மில்லிகிராம், அதாவது 4 மில்லி. இதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தொடங்கும்போதே சிரிஞ்சில் எடுத்து, பெயர் எழுதி, தனித் தட்டில் வைத்திருக்க வேண்டும். புரோட்டமினைச் சட்டென்று தள்ளினால் அதுவே பிபியைக் கவிழ்க்கும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். ஆகவே அவசரத்திலும் சில நிமிடம் எடுத்துக்கொண்டே ஏற்றுகிறோம். பிபி இறக்கம், மூளை வீக்கத்துக்கு மானிட்டால், தேவைப்பட்டால் நரம்பியல் அறுவை மருத்துவர் மண்டையில் துளையிட்டு நீர் வடிக்க ஏற்பாடு. கத்தி இல்லாத சிகிச்சைக்குப் பக்கத்தில் கத்தி தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

நேர்மாறான விபத்தும் உண்டு: காயிலின் வாயில் ரத்தம் உறைந்து நல்ல குழாயை அடைத்துக்கொள்வது. அப்போது பிபியை ஏற்ற வேண்டும், ரத்தத்தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் டைரோபிபன் போன்ற மருந்து கொடுக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் எதிரெதிரான இரண்டு வேலைக்கும் தயாராக இருப்பவர் அறைக்குள் இருக்க வேண்டும். ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதாக இருந்தால், அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் முன்கூட்டியே ஆரம்பித்திருக்க வேண்டும். குளோபிடோக்ரெல் எல்லோர் உடம்பிலும் ஒரேமாதிரி வேலைசெய்யாது. ஆசியர்களிடம் வேலைசெய்யாதோர் விகிதம் கூடுதல்.

பிறவியிலேயே தமனியும் சிரையும் பின்னிக்கொண்ட முடிச்சுகளைப் பசை செலுத்தி மூடுவதும் உண்டு. ஆனிக்ஸ் என்னும் பசையின் கரைப்பான் மூச்சில் வெளியேறும்போது நோயாளியிடம் பூண்டு வாடை வரும். ஐசியூவில் அதை உணர்ந்து பதற வேண்டாம், ஓரிரு நாளில் போய்விடும். பசையைச் செலுத்தும்போது, மூளை உறையின் தமனிகளில் முக்கியமாக, நாடி 40-க்கும் கீழே சட்டென்று விழலாம்; செலுத்துவதை நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாகும், இல்லாவிட்டால் நாடியை ஏற்றும் அட்ரோபின். கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் வைக்கும்போது பலூன் ஊதுகிற நொடியிலும் இதே கதை. அது பெரும்பாலும் விழித்த நிலையிலேயே நடக்கும். "லோக்கல்தானே" என்று அட்ரோபின் எடுத்துவைக்காத அறையில் அந்தச் சில நொடிகள் ரொம்ப நீளம்.

டையில் அயோடின் இருப்பதால் ஒவ்வாமையும், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குச் சிரமமும் வரலாம். டை சிறுநீரை இழுத்துவரும். பல மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டியவருக்குச் சிறுநீர்க் குழாய் போடுவது இதற்குத்தான். மூத்திரப் பை நிரம்பினால் அரை மயக்கத்தில் இருப்பவர் புரள்வார், பிபி ஏறும்.

முடிந்த பின் எழுப்புவது இன்னொரு கலை. டியூபைக் கடித்து இருமிக்கொண்டே எழுந்தால் அவ்வளவு நேரம் காத்த பிபி ஒரே நொடியில் 200. லிக்னோகெயினோ குறைந்த அளவு டெக்ஸ்மெடிடோமிடினோ கொடுத்து அமைதியாக எழுப்புகிறோம். கண் திறந்ததும் "கையைத் தூக்குங்க, காலை மடக்குங்க, பேர் என்ன?" என்று நாங்கள் கேட்பது சம்பிரதாயம் அல்ல. எதிர்பார்த்த நேரத்தில் எழாவிட்டாலோ ஒரு பக்கம் அசையாவிட்டாலோ அதே மேஜையில் மறுபடி படம் எடுக்கத்தான். தொடையில் துளையிட்ட காலை 4 முதல் 6 மணி நேரம் நீட்டியே வைக்க வேண்டும். ஐசியூவில் பார்க்க வரும் உறவினர், "பாவம், முதுகு வலிக்குதாம்" என்று தலையணை கொடுத்து உட்காரவைத்துவிடுகிறார்கள். துளை வழியே ரத்தம் வெளியே வராமல் வயிற்றின் பின்பக்கம் தேங்கலாம். வெளியில் ஒன்றும் தெரியாது, முதுகுவலியும் இறங்கும் பிபியும்தான் அடையாளம். முதுகுவலி என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள், நீங்களாக நிமிர்த்தாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எங்கள் பக்கத்து வேலை. ஆனால் கேத் லேபில் நடப்பதில் ஒரு பங்கு கம்பத்திலோ பரமக்குடியிலோ சாயல்குடியிலோ ஆம்புலன்ஸ் ஏறுமுன்பே முடிவாகிவிடுகிறது. தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல் என்று ஐந்து மாவட்டத்தார் மதுரையை நம்பி வருகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

"வாய் கோணிருச்சு, கை விழுந்துருச்சு" என்றதும் வாயில் காபியோ சோடாவோ ஊற்றுகிறார்கள். விழுங்கும் தசையும் விழுந்திருக்கும். பாதி நுரையீரலுக்குள் போகும், மீதி வயிற்றில் நின்று டியூப் போடும்போது மேலே வரும். ஒரு சொட்டும் வேண்டாம். திட்டமிட்ட சிகிச்சைக்குத் திட உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்தச் சொல்வோம். பக்கவாதத்தில் அதற்குக் காத்திருக்க மாட்டோம். ஆனால் எப்போது, என்ன சாப்பிட்டார் என்ற உண்மை வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து "ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்வதால் நோயாளிக்குத்தான் ஆபத்து.

அடுத்தது நாக்குக்கடியில் வைக்கும் பிபி மருந்து. பிபி 200 என்று பார்த்ததும் நிபெடிபைன் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கில் பிழிகிற பழக்கம் சின்ன கிளினிக்குகளில் இன்னும் போகவில்லை. அடைபட்ட மூளை தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பிபியை ஏற்றியிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு 185-க்கு 110-க்குக் கீழே வர வேண்டும், உண்மை. அதை நரம்பு வழியே, அளந்து, மானிட்டர் முன் இறக்குவார்கள். ஊசிக்கும் கதீட்டர் சிகிச்சைக்கும் போகாதவருக்கு 220-க்கு 120 வரை தொடாமலே விடுவதுண்டு. கேப்ஸ்யூல் கட்டுப்பாடில்லாமல் இறக்கும். வழியில் பிபி 110 ஆகி, சிலைமான் தாண்டி மதுரையை நெருங்கும்போது அசைந்துகொண்டிருந்த காலும் விழுந்துவிடும். அதேபோல "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்" கேட்டு வற்புறுத்தாதீர்கள். சர்க்கரை குறைந்திருந்தால் ஒழிய, அது மூளை வீக்கத்துக்கும் சேதத்துக்கும் துணைபோகும். ஏற்ற வேண்டியது சாதா சலைன். விழுந்த கைகாலில் புறா ரத்தம் தேய்க்க வழியில் நின்று வருகிற நேரத்தைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

எங்களுக்கு வேண்டிய விவரங்கள் கொஞ்சம்தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? கண்டுபிடித்த நேரம் வேறு, இது வேறு. தூக்கத்தில் விழுந்திருந்தால் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். 6 மணி நேரம் தாண்டினாலும் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்து 24 மணி நேரம் வரை கட்டியை எடுக்கலாம் என்று 2018-ல் உறுதியாகிவிட்டது. எனவே நேரத்தைக் குறைத்துச் சொல்லவும் தேவையில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? "பிபிக்கு ஒரு வெள்ளை மாத்திரை" உதவாது, அட்டையைக் கொண்டுவாருங்கள்; ரத்தம் இளக்கும் மாத்திரையும் நாட்டு மருந்தும் இதில் சேர்த்தி. முன்பு டை போட்டபோதோ மயக்கம் கொடுத்தபோதோ தொந்தரவு வந்ததா? பாக்கும் பான்மசாலாவும் போடுபவரா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் போட்டவருக்கு வாய் இரண்டு விரல்கூடத் திறக்காது. டியூப் போட வேறு கருவி எடுத்துவைக்க வேண்டும். ஆடும் பல் இருந்தால் அதையும்.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று. இரவு இரண்டு மணிக்கு ஒரே மயக்கவியல் மருத்துவர் மாடியில் சிசேரியனையும் தரைத்தளத்தில் கேத் லேபையும் மாறி மாறிப் பார்ப்பது சிக்கனம் ஆகாது. ஆஞ்சியோ டெக்னீஷியனோ நர்ஸோ மருந்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும் அறையில், வெடிப்பு ஏற்பட்ட அந்த நிமிடத்தில் லிப்டுக்குக் காத்திருக்க நேரிடும். நோயாளியின் குடும்பத்தார், "மயக்க டாக்டர் முடியும்வரை உள்ளேயே இருப்பாரா?" என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்கலாம். அந்தக் கேள்வி எங்களுக்குக் கோபம் தராது.

உங்கள் நிருபர்களிடம் எங்கள் வேண்டுகோள், அடுத்த செய்தியில் "கத்தியின்றி" என்று எழுதும் வரிக்குக் கீழே "முழு மயக்கத்தில்" அல்லது "லேசான தூக்கத்தில்" என்று இரண்டு சொல் சேர்ப்பதுதான். மற்றபடி, பாட்டியின் தண்டட்டியையும் மூக்குத்தியையும் ஆம்புலன்ஸிலேயே கழற்றிவிடுங்கள். வருஷக்கணக்கில் கழற்றாத திருகு இறுகியிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருகினால் இளகும். கழற்றியதைத் துணியில் முடிந்து கூட வருபவர் கையில் வைத்துக்கொள்ளட்டும். கேத் லேப் வாசலில் அதற்குச் செலவாகும் பத்து நிமிடம் மிச்சம்.

இப்படிக்கு,
மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சைக்கூடங்களில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்,
மதுரை.